தெரியும் என்று சொன்னவர்

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று எடை மேடைக்கு. மற்றொன்று சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு. முதல் பேனாவை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். இரண்டாவதைக் கேட்டால், "அது ஆபீஸ் பேனாம்மா" என்று பையைக் கையால் மூடிக்கொள்வார். எந்த ஆபீஸ் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

சிப்காட்டுக்குள் திரும்புகிற சாலையோரம் லாரிகளை எடை போடும் மேடை ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய வேலை. பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள் அதில் ஏறி நிற்கும். அவர் எடையைச் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் உருக்காலைக்குள் விடுவார்கள். என் கணவர் அந்த ஆலைகளில் ஒன்றில் உலைப் பக்கம் வேலை பார்த்தார். இவர் எழுதிய சீட்டு என்றால் உள்ளே மறுபடி எடை போடமாட்டார்கள் என்று சொல்வார். டிரைவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் இவர் மேடையைத் தட்டுவார்.

"நீ இரும்பா? எறங்கு."

டிரைவர் இறங்கி, கிளீனர் இறங்கி, இருக்கைக்குக் கீழே ஒளித்து வைத்த கல்லும் இறங்கிய பிறகுதான் எழுதுவார். அந்த விஷயத்தில் யார் சொல்லையும் அவர் நம்பியதில்லை.

அதே மனிதர் பதிவாபீஸ் வாசலுக்குப் போனால் வேறு ஆளாகிவிடுவார். வீடு, மனை எதை விற்றாலும் வாங்கினாலும் பத்திரத்தில் இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் இன்னார்தான், எனக்குத் தெரியும் என்று பதிவாளர் முன்னால் சொல்ல வேண்டும். நாலுவழிச் சாலை வரப்போகிறது என்று எங்கள் பக்கத்தில் மனைகள் கைமாறிக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சாட்சிக்கு ஆள் கிடைக்காது. எடை மேடைக்கு ஓடி வருவார்கள்.

"அண்ணா, சாட்சிக்கு ஒரு ஆளு கொறையுது."

"இரு, இந்த வண்டிய எறக்கிட்டு வரேன்" என்பார். கையைத் துடைத்துக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் கிளம்பிவிடுவார். அப்படியே அவருக்குச் சாட்சி அண்ணன் என்று பெயர் நின்றுவிட்டது. காசு வாங்கமாட்டார். கையெழுத்துக்கு முன்னால் விற்கிறவரோடும் வாங்குகிறவரோடும் சேர்ந்து ஒரு டீ குடிப்பார். அவ்வளவுதான் அவர் கேட்பது.

ஏன் இப்படி என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"இந்த மனைய வாங்கசொல்லோ நாங்க ஊருக்குப் புதுசு தங்கச்சி. சாட்சிக்கு ஆளே கெடைக்கல. கேட்டவன்லாம் உன்ன எனக்குத் தெரியாதேன்றான். காலைலேந்து வெயில்ல நிக்கிறாரு. ஆபீஸ் மூடப்போற நேரத்துல பழவேற்காட்டுலேந்து மீன் விக்க வந்த அம்மா ஒண்ணு, கூடைய எறக்கி வெச்சிட்டு வந்து கைநாட்டு வெச்சிச்சி. இவர உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாம இன்னா, எம்புள்ள மாதிரி கீறாரேன்னுச்சி. அன்னிலேந்து இவரு யாருக்கும் இல்லன்னு சொல்றதில்ல."

பதிவு முடிந்ததும் எல்லோரும் அன்றோடு அவரை மறந்துவிடுவார்கள். அவர் மறக்கமாட்டார். ஒருமுறை சோழவரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்க வந்திருந்தார். கைரேகை வைத்துவிட்டு மையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். இவர் பெரியவரின் விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்து, டிவிஎஸ்ஸில் உட்காரவைத்து ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அன்று மேடையில் லாரிகள் வரிசையில் நின்றன. எடை மேடை முதலாளி கண்டபடி திட்டினார். "ஊட்ட வித்த மனுசன தனியா பஸ்ல அனுப்ப முடியுமா?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

எங்களுக்கும் சொந்தமாக ஒரு வீடு வாங்க ஆசை இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தளம் போட்ட சின்ன வீடு ஒன்று விலைக்கு வருவதாக ஒரு புரோக்கர் வந்து சொன்னான். வெகு நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. சொந்தக்கார அம்மா ஆந்திராவில் இருக்கிறார், இனி இந்தப் பக்கம் வரமாட்டார், அதனால் விற்கிறார் என்றான். என் கணவர் தனக்குத் தெரிந்தவரை எல்லாம் கேட்டார். மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டதற்கு, வீடு மாற்றும்போது அசல் தொலைந்துவிட்டது, பதிவாபீஸில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம் என்றான் புரோக்கர். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். ஒரு வில்லங்கமும் இல்லை. பட்டா அந்த அம்மா பெயரில் இருந்தது. வக்கீலிடம் ஒருமுறை காட்டலாமா என்று நான் கேட்டேன். "இன்னா சண்டையா நடக்குது, வக்கீலுக்கு?" என்றார் கணவர். எங்களுக்குத் தெரிந்து வக்கீல் என்றால் சண்டைக்குத்தான்.

பிற்பாடு ஒரு வக்கீல் விளக்கிச் சொன்னபோதுதான் புரிந்தது. வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். விற்க வந்து நிற்கிற ஆள் உண்மையான ஆள்தானா என்று அது சொல்லாது. அசல் பத்திரம் தொலைந்தது என்றால் போலீஸில் புகார் கொடுத்திருக்க வேண்டும், பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

சாட்சி யார் என்ற யோசனையே எங்களுக்கு வரவில்லை. பதிவு அன்று சாட்சி அண்ணனே இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே எங்கள் கதவைத் தட்டினார். விற்க வந்த அம்மா ஒல்லியாக, தலையைக் குனிந்தபடி இருந்தார். டீக்கடையில் அவர் அந்த அம்மாவிடம், "ஆந்திராவுல எங்கம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா புரோக்கரைப் பார்த்தார். "நாயுடுபேட்டைண்ணா" என்றான் அவன். "நல்ல ஊரு" என்று இவர் டீயை ஊதிக் குடித்தார்.

உள்ளே பதிவாளர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றார்.

சாட்சிப் பேனாவை எடுத்து, கோடு தாண்டாமல் முழுப் பெயரையும் எழுதினார். இன்னொரு சாட்சியாகப் புரோக்கரே கையெழுத்துப் போட்டான். விற்றவரின் கைரேகை மட்டும் பதிந்த பத்திரம் அது. போட்டோ இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு அக்காவும் அவரும் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தார்கள். அவரே ஆணி அடித்து மாட்டினார். கூடத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்த்து, "ஒழுகாது, நல்ல தளம்" என்றார். அந்த வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், அடுப்படியில் மேடை கட்டினோம், பின்பக்கம் கிணற்றுக்கு உறை இறக்கினோம். மகள் வாசற்கதவில் தன் உயரத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசற்கதவின் பூட்டில் யாரோ சாவி போட்டுத் திருப்பும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். நரைத்த தலை, நீலக்கரைப் புடவை, கையில் குடையும் ஒரு வயர் கூடையும். வயதான ஒரு அம்மா.

"சாவி சேரலையே. பூட்ட மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். "யாரும்மா நீங்க?"

"உங்களுக்கு யாரு வாணும்?" என்றேன்.

"நான் இந்த ஊட்டுக்காரிம்மா."

நெல்லூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்தவர். பிறந்தது இந்தப் பக்கம்தான். ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து இருக்கலாம் என்று வாங்கிப் போட்ட வீடு. கூடையிலிருந்து துணியில் சுற்றிய பத்திரத்தை எடுத்தார். அதைப் பார்த்ததுமே என் கணவர் முகம் வெளுத்துவிட்டது.

"அசல் எங்கிட்ட கீது நைனா. இது இல்லாம நீ எப்டி வாங்கின?"

 உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். அந்த அம்மா வரவில்லை. தன் வீட்டுக்குள் என்னுடைய விருந்தாளியாக நுழைய அவருக்கு மனம் வரவில்லை போல. வாசற்படியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "உனக்குக் கொழந்த கீதாம்மா?" என்று கேட்டார். கீது என்றேன். 

சொல்லியனுப்பியதும் சாட்சி அண்ணன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயம் என்னவென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே வந்தார். கணவர் சொல்லச் சொல்ல இவர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க இல்ல" என்றார்.

"நல்லா பாருங்கண்ணா."

"இவங்க இல்லப்பா. இவங்கள நான் பார்த்ததே இல்ல." பிறகு, "அப்போ அன்னிக்கு வந்தது யாரு?" என்று எங்களைக் கேட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

புரோக்கரின் செல்போன் அணைந்துவிட்டது. அவன் குடியிருந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். நர்ஸம்மா போலீஸில் புகார் கொடுத்தார், பொன்னேரி கோர்ட்டில் வீட்டைக் கேட்டும் வழக்குப் போட்டார். போலீஸ் வழக்கில் முதல் குற்றவாளி புரோக்கர். இரண்டாவது, பெயர் தெரியாத அந்தப் பெண். மூன்றாவது இவர். பொய்யாக அடையாளம் சொன்னார் என்று அவரை எடை மேடையிலிருந்தே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேடையில் ஒரு லாரி நின்றதாம். சீட்டை எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாராம்.

ஜாமீனில் வந்தார். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் போவார் என்று அக்கா சொன்னார். "அங்கயும் முழுப்பேரு எழுதுறாராம் தங்கச்சி. சுருக்கமா போடுய்யான்னு போலீஸ்காரங்க சிரிக்கிறாங்களாம்."

அப்போது எங்கள் வக்கீல் ஒரு வழி சொன்னார். போலி ஆள் எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு உயிரே கிடையாது, நீங்கள் நல்ல மனதோடு வாங்கினாலும் வீடு உங்களுக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். சாட்சி மட்டும், இந்த நர்ஸம்மாதான் அன்றைக்கு வந்து கைரேகை வைத்தார் என்று சொன்னால் கதை வேறு. கைரேகையைச் சோதித்து அறிக்கை வர வருஷக்கணக்கில் ஆகும். வயதான அம்மா, அலைய முடியாமல் சமாதானத்துக்கு வந்துவிடுவார். சாட்சிக்கும் அது நல்லதுதான், அவர் பேரில் உள்ள வழக்கும் நீர்த்துப்போகும்.

நானும் கணவரும் சாயங்காலம் எடை மேடைக்குப் போனோம். முதலாளி அவரை இன்னும் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கவில்லை. ஒரு லாரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு எழுந்து போய் டிரைவரை இறங்கச் சொல்லி, எடையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"முடியாதுப்பா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"ஊர் பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் போட்டீங்கண்ணா" என்றார் கணவர். "எங்களுக்கு முடியாதா?"

"அப்போ தெரியாம சொல்ட்டேன். இப்போ தெரிஞ்சிக்கினு எப்டி சொல்றது?"

"சொல்லலன்னா எங்க ஊடு போயிடும்."

"சொன்னா அந்தம்மா ஊடு போயிடும்."

 லாரி கிளம்பிய தூசி அடங்கும்வரை மூவரும் அப்படியே நின்றோம். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எங்கூட்ட உன் பேர்ல எழுதித் தரேன் தம்பி. நெஜமா சொல்றேன். நாளைக்கே வா" என்றார்.

"உங்க ஊடு எவனுக்கு வாணும்?" என்று கணவர் சைக்கிளைத் திருப்பிவிட்டார். அதுதான் அவரோடு என் கணவர் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் அக்கா தனியாக வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அந்த மனுசன் சொன்னா எழுதிடுவாரு தங்கச்சி. பத்திரப் பேப்பர் வாங்கக் கெளம்பிட்டாரு. நான் தடுக்கல, என்னால முடியாது. நீ வாங்கிக்காத. நீ வாங்கிக்கினா நாங்க எங்க போவோம்?"

வாங்கமாட்டோம் என்று அக்கா கையைப் பிடித்துச் சொன்னேன். அக்கா போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் கோபம் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கையைப் பிடித்தபோது இருவருக்குமே அழுகை வராதது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பொன்னேரி கோர்ட்டில் அவர் கூண்டில் ஏறிய அன்று நான் போயிருந்தேன். அவர் பேரில் வேறு வழக்கு இருப்பதால், தனக்கே பாதகமாகும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவருக்கு அது பிடிபடவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் எப்படி நிற்பது?

"எழுதிக்கொடுத்த பெண்ணைத் தெரியும் என்று பதிவாளரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன் சார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். அன்னிக்குக் காலைலதான் பார்த்தேன். ஒண்ணா டீ குடிச்சோம்."

பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். "டீ குடித்தால் ஒரு ஆளைத் தெரிந்துவிடுமா?" என்று நர்ஸம்மாவின் வக்கீல் கேட்டார்.

"தெரிஞ்சிடும்னு நெனச்சேன் சார்" என்றார் அவர். சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் கூண்டிலிருந்து இறங்கும்போது, எங்களைக் கடந்து போகாமல், பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வெளியே போனார்.

பத்திரம் செல்லாது, வீடு நர்ஸம்மாவுக்கே என்று தீர்ப்பு வந்தது. அந்த அம்மா எங்களை விரட்டவில்லை. குழந்தையின் பரீட்சை முடியட்டும் என்று சொன்னார். நாங்கள் கட்டிய அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்த்து, "இத மட்டும் எனக்கு இடிக்க மனசு வராதும்மா" என்றார். காலி செய்த அன்று நாங்கள் வண்டிக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு மினி லாரி வந்து நின்றது. எடை மேடைக்கு வருகிற டிரைவர். சாட்சி அண்ணன் அனுப்பினார், காசு வேண்டாம் என்றான். அவரும் வந்திருந்தார். கணவர் ஒரு பாத்திரத்தைக்கூட அவரைத் தொடவிடவில்லை. அவர் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, லாரி பின்னால் வரும்போது மட்டும் கையைக் காட்டி, "வரலாம், வரலாம், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமான் ஏற்றி முடிக்கும்வரை வெயிலில் அங்கேயே நின்றார்.

நாங்கள் கவரைப்பேட்டைக்கு வாடகைக்குப் போனோம். எடை மேடை முதலாளி, வழக்கு முடியட்டும், அதுவரை வீட்டில் இருங்கள் என்று அவரை நிறுத்திவிட்டார். போலிப் பத்திர வழக்கில் மாட்டிய ஆள் எழுதும் எடைச் சீட்டை யார் வாங்குவார்கள்? முதலாளி சொன்னதிலும் தப்பில்லை என்று அவரே அக்காவிடம் சொன்னாராம். சாட்சிக்கு அவரை யாரும் தேடி வரவில்லை. விவரம் தெரியாத வெளியூர்ப் பையன் ஒருவன் மட்டும் பழைய பேரைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான். இவர் அவனை உட்காரவைத்து, உன் பேர் என்ன, உங்கள் அப்பா யார், விற்கிறவரை உனக்கு எப்படித் தெரியும், அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். அவன் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் இவர், "வேற ஆள பாரு தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

"அவன் போன பின்னாடி அழுதாரு தங்கச்சி" என்றார் அக்கா. "ஜெயிலுக்குப் போனப்பகூட அழாத மனுசன். அந்தப் புள்ள நல்ல புள்ளதான், எனக்கே தெரியுது, ஆனா கை வரமாட்டேங்குதுன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

போலீஸ் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நாங்களும் சாட்சிகள் என்பதால் வாய்தாவுக்கு வாய்தா போய்வந்தோம். ஒரு வாய்தாவில், அன்று விற்க வந்த அந்தப் பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். ஒருநாள் வந்து கைரேகை வைத்தால் போதும் என்று புரோக்கர் கூட்டிப் போயிருக்கிறான். எதற்கு என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது என்றாள். எனக்கு அவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாட்சி அண்ணன் மட்டும் எழுந்து அவள் உட்கார்ந்திருந்த தூண் பக்கம் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உம் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

அவள் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மன்னிச்சிருங்கண்ணா, எம் புள்ளைக்கு ஒடம்பு முடியல அப்போ" என்றாள்.

"இப்போ எப்டி கீது?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்றா, நன்றாக இருக்கிறது என்றா, எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வழக்கு எண்ணைக் கூப்பிடும்வரை அவர் அந்தத் தூண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய் அக்காவோடு இருந்தேன். கணவருக்கு அன்று ஷிஃப்ட் இருந்தது. கேட்டிருந்தால் விடுப்புக் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாய்தாவுக்கு அக்கா இறப்புச் சான்றிதழோடு பொன்னேரிக்கு வந்தார். தனியாக வரப் பயமாக இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்ததால் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கம்போல அவருடைய பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். கோர்ட் வராந்தாவில் அந்தப் பெயர் சத்தமாகக் கேட்டபோது அக்கா எழுந்து நின்று, "அவரு இல்லீங்க" என்றார். தாளை வாங்கி நீதிபதியிடம் கொடுத்தார்கள். அவர் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா வக்கீலைக் கேட்டார். "இன்னா எழுதினாருங்க?"

"உங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்த வழக்கு முடிஞ்சுபோச்சும்மா. ஆள் இறந்துட்டா அவ்ளோதான்."

"விட்டுட்டாங்களா?"

"விடுதலையும் இல்ல, தண்டனையும் இல்ல. முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்." வக்கீல் அடுத்த கோர்ட்டுக்கு அவசரமாகப் போய்விட்டார்.

அக்கா படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "அப்போ அவரு தப்பு பண்ணாருன்றாங்களா, பண்ணலன்றாங்களா?"

 சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீல் சொல்லிவிட்டார். அக்கா கேட்டது அதுவல்ல. என் கணவர் வேப்பமரத்துப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அக்காவிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மெதுவாக வந்தார்.

"பொய் சொல்லுங்கன்னு நான்தான் போய்க் கேட்டேன்க்கா" என்றார். "சொல்லியிருந்தா அவரும் தப்பிச்சிருப்பாரு. சொல்ல மாட்டேன்ட்டாரு."

"மொதல்ல தெரியும்னு சொன்னாரே தம்பி. அது பொய்தானே?"

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது எங்களுக்கோசரம் சொன்னதுக்கா" என்றார்.  அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சான்றிதழ் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மூவரும் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தோம். கணவர் டிக்கெட் வரிசையில் நின்றார். எங்களுக்குக் கவரைப்பேட்டைக்கு இரண்டு வாங்க வேண்டியவர், அக்கா இறங்கும் கும்மிடிப்பூண்டிக்கு மூன்று கேட்டார்.